முதல் பாடம்: எப்படித் தெரியும்?

இதழியல் படிப்பில் சேரும் மாணவரிடம் ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். எனக்கு நன்றாக எழுத வரும் என்பார். அல்லது கேமரா முன் கூச்சமில்லாமல் பேசுவேன் என்பார். இரண்டும் நல்ல தகுதிகள்தான். ஆனால் இதழியலின் அடிப்படை வேறிடத்தில் இருக்கிறது என்பதை முதல் பருவத்திலேயே தெளிவாக்காவிட்டால், படிப்பு முடியும்போது நமக்கு நல்ல கட்டுரையாளர் கிடைக்கலாம், நல்ல தொகுப்பாளர் கிடைக்கலாம். நிருபர் கிடைக்க மாட்டார்.

அறிமுகப் பாடங்கள் வழக்கமாக வரலாற்றில் தொடங்கும்: 1780இல் ஹிக்கியின் பெங்கால் கெஜட், 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரன். அடுத்து யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகள். பிறகு முக்கியமானதை முதலில் சொல்லும் தலைகீழ் பிரமிடு அமைப்பு. எல்லாம் தேவையானவையே. ஆனால் செய்தியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை மட்டுமே அந்த ஆறு கேள்விகள் சொல்கின்றன. எழுதியது நமக்கு எப்படித் தெரியும் என்பது ஏழாவது கேள்வி. அறிமுக வகுப்பு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

விபத்துச் செய்தி ஒன்றை எழுதச் சொன்னால் முதலாண்டு மாணவர் அநேகமாக இப்படித் தொடங்குவார்: ‘குடிபோதையில் அதிவேகமாக பைக் ஓட்டி வந்த வாலிபர், லாரி மீது மோதி பரிதாபமாக உயிரிழந்தார்.’ நாம் எத்தனையோ முறை படித்த வாக்கியம். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் குடித்திருந்தார் என்பது எப்படித் தெரியும்? பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டதா? அதிவேகம் என்று சொன்னது யார்? லாரி டிரைவரா, எதிரே டீக்கடையில் நின்றவரா, ஸ்டேஷன் ரைட்டரா? டிரைவர் என்றால், அவர் வழக்கில் சம்பந்தப்பட்டவர். பைக் போய் லாரியில் மோதியதா, லாரி வந்து பைக்கில் மோதியதா என்பதைத்தான் போலீசார் விசாரிக்கிறார்கள். மாணவரோ முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். ‘பரிதாபமாக’ என்பதில் தகவலே இல்லை.

இவற்றையெல்லாம் நீக்கினால், இன்ன சாலையில் இத்தனை மணிக்கு பைக்கும் லாரியும் மோதிக்கொண்டதில் இன்னார் இறந்தார் என்பதே மிஞ்சும். சப்பென்று இருக்கிறதே என்பார் மாணவர். இறந்தவரின் தாய் நாளைக் காலையில் இதைப் படிப்பார் என்பதை ஆசிரியர் அப்போது நினைவூட்ட வேண்டும்.

சரி, ‘போலீசார் தெரிவித்தனர்’ என்று சேர்த்துவிட்டால் போதுமா? போதாது. யார் சொன்னார் என்று எழுதுவது ஒன்று. சொன்னது சரியா என்று பார்ப்பது வேறொன்று. முதல் தகவல் அறிக்கைகூட காவல்துறைக்குக் கிடைத்த தகவலின் பதிவுதான்; அது நிரூபிக்கப்பட்ட உண்மை ஆகாது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மாணவர் பாதி நிருபர் ஆகிவிட்டார் எனலாம்.

எண்களுக்கும் இதே கவனம் வேண்டும். தேர்ச்சி விகிதம் 80 சதவீதத்திலிருந்து 84 சதவீதமானால் 4 சதவீதம் உயர்ந்ததாக எழுதுகிறோம். உயர்ந்தது 4 சதவீதப் புள்ளிகள். விகிதமாகக் கணக்கிட்டால் 5 சதவீதம். சட்டத்துக்கும் அப்படியே. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. முகவரி, குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு. கிராமத்தின் பெயரையும் தந்தையின் தொழிலையும் போட்டாலே ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதை, வகுப்பில் ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு காட்டினால்தான் மனதில் பதியும்.

இவற்றைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுக் கற்பிக்க முடியாது. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகம் 1908இல் இதழியல் பள்ளியைத் தொடங்கியபோது, வகுப்பு ஆரம்பித்த நாளிலேயே மாணவர்கள் தயாரித்த நாளிதழும் வெளிவந்தது. அது அந்த ஊர் மக்களுக்கான பத்திரிகை. பிழை வந்தால் படிப்பவர் கேட்பார் என்ற பயமே முதல் ஆசிரியர். தமிழில் ஆனந்த விகடனின் மாணவர் பத்திரிகையாளர் திட்டமும் கல்லூரியில் படிக்கும்போதே மாணவர்களைக் களத்துக்கு அனுப்பியது. பல ஊடகர்கள் அதிலிருந்து வந்தவர்கள்.

அத்தகைய வாய்ப்பு எல்லாக் கல்லூரிக்கும் அருகிலேயே இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. மாணவர் ஒருவர் போய் உட்காரட்டும். வந்திருப்பவர்களை எண்ணட்டும், கையெழுத்துப் பதிவேட்டில் எத்தனை பேர் என்று பார்க்கட்டும். குடிநீருக்குச் செலவானதாக வாசிக்கப்படும் தொகையைக் குறித்துக்கொண்டு, அந்தத் தெருக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்க்கட்டும். விவரம் மறுக்கப்பட்டால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடட்டும். பொதுவாக 30 நாட்களில் பதில் தந்தாக வேண்டும். ஒரு பருவத்துக்குள் முடிகிற பயிற்சி இது.

வகுப்பில் எல்லோரும் எழுதித் தரும் செய்திக் காப்பியை ஒரே ஆசிரியர் திருத்துவது பெரிய சுமைதான். தேர்வு வினாத்தாளும் விதிகளை விவரி என்றே கேட்கிறது. அதனால், மாணவர் தம் காப்பி சிவப்பு மையால் நிறைந்து திரும்பி வருவதைப் பார்க்காமலே பட்டம் வாங்கிவிடுகிறார். துறை இதழ் கல்லூரி விழாப் படங்களால் நிரம்புகிறது. கல்லூரிகள் இதை மாற்ற வேண்டும். அக மதிப்பீட்டு மதிப்பெண்களில் பெரும்பகுதியை, மாணவர் நேரில் சென்று எழுதி, ஆசிரியர் திருத்தித் தந்து, மறுபடி எழுதிய செய்திகளுக்கு ஒதுக்குங்கள். இதற்குப் புதிய கட்டடமோ ஸ்டுடியோவோ தேவையில்லை. துறைத் தலைவர் முடிவெடுத்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்.