சமாதானம் இறக்குமதிச் சரக்கா?

சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குகளை இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் தோழர்கள் நன்கறிவார்கள். இயந்திரம் வரும், எண்ணெய் வரும். ஆனால் ஒரு நாட்டு ஜனங்கள் ஒருவரையொருவர் கொன்று மடியாதபடி காக்கும் சமாதானமும் அப்படிக் கப்பலேறி வருமா? இதை ஆராய வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலிருக்கும் இலங்கையே போதும்.

1987 ஜூலை 29-இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். யாருக்காகச் செய்ததாகச் சொல்லப்பட்டதோ, அந்தத் தமிழர் பக்கத்துக் கையெழுத்து அதில் இல்லை. 'அமைதிப்படை' என்னும் பேரால் போன பட்டாளம் மூன்று மாதத்திற்குள் புலிகளோடு யுத்தம் செய்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள் மாண்டார்கள். தமிழ்க் குடிகளும் மாண்டார்கள். 1990 மார்ச்சில் அப்படை நமது துறைமுகத்தில் வந்திறங்கியபோது, வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை.

பிறகு நார்வே வந்தது. 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் ஏற்பட்டது. 2003 ஜூனில் டோக்கியோவில் உலக நாடுகள் கூடி, சுமார் 450 கோடி டாலர் தருவதாக வாக்களித்தன. புலிகள் அங்கே போகவேயில்லை. சுனாமிக்குப் பின், உதவிப் பணத்தை அரசாங்கமும் புலிகளும் கூடி நிர்வகிக்க 2005-இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதன் முக்கிய பாகங்களை இலங்கை உச்சநீதிமன்றம் நிறுத்தி வைத்தது. கடலில் செத்தவர்களுக்கான பணத்தைக்கூடச் சேர்ந்து செலவிட மனமில்லாதவர்கள், நாட்டைச் சேர்ந்து ஆள்வார்களா? 2008 ஜனவரியில் அரசாங்கம் போர்நிறுத்தத்திலிருந்து விலகிற்று. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது.

காரணம் என்ன? யாகத்துக்குக் கொட்டிய நெய் எப்படி மழையாகாதோ, அப்படியே மாநாட்டில் கொட்டிய பணமும் சமத்துவமாகாது. 1948-இல் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1956-இல் சிங்களம் மாத்திரம் ஆட்சிமொழியாயிற்று. 1957-இல் பண்டாரநாயக்கா செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தைப் பிக்ஷுக்கள் வாசலில் வந்து உட்கார்ந்து மறு வருஷமே ரத்து செய்ய வைத்தார்கள். 1959-இல் அவரைச் சுட்டவனும் ஒரு பிக்ஷுவே! கொல்லாமையைச் சொன்ன புத்தரின் பேரால் இது! 1972 அரசியல் சட்டமோ பௌத்தத்திற்கு முதலிடம் கொடுத்தது. ஒரு மதத்துக்கு முதலிடம் என்றால் மற்றவனுக்கு இரண்டாமிடம் என்பதைத் தவிர வேறு அர்த்தம் உண்டா?

தமிழர் பக்கத்துக் குற்றத்தையும் நாம் மறைக்கப் போவதில்லை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்களே, அதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

ஆனால் அயலார் உதவியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. "இது எங்கள் உள்நாட்டு விஷயம்" என்று கொழும்பு சொல்லுகிறது. சேரியாரை அடிக்கும் மிராசுதாரும் "இது எங்கள் ஊர் விஷயம்" என்றுதான் சொல்லுவார். அதற்காக வெளியார் வாயை மூடிக்கொள்வதா? 2015-இல் ஜெனிவாவில் இலங்கை தானும் சேர்ந்து ஒரு தீர்மானம் கொண்டு வந்தது. காணாமற் போனவர்களைத் தேட 2016-இல் சட்டமும் செய்தது. 2020-இல் ஆட்சி மாறியவர்கள் அத்தீர்மானத்திலிருந்து விலகிக் கொண்டார்கள். அதன் பிறகே, 2021-இல் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்க ஐ.நா. மனித உரிமை மன்றம் ஏற்பாடு செய்தது. அயலார் செய்யக்கூடிய யோக்கியமான காரியம் இதுதான்: உண்மையைக் காப்பது, கேள்வி கேட்பது, கொடுக்கும் காசுக்குக் கணக்குக் கேட்பது.

நம்மவர் யோக்கியதையையும் பார்ப்போம். கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் முகாம்களில் பிறந்த பிள்ளைகளே பெற்றோராகிவிட்டார்கள். 2019 குடியுரிமைச் சட்டமோ பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்று நாட்டையும், மதத்தையும் பார்த்துப் பொறுக்கியது, முஸ்லிமை ஒதுக்கிற்று, இலங்கைத் தமிழனை, அவன் இந்துவானாலும், சேர்க்கவில்லை. இந்து என்று மார்தட்டும் தோழர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

ஆகவே, சமாதானத்தை அயலார் விதைக்க முடியாது. நீர் பாய்ச்சத்தான் முடியும். விதை சமத்துவம். அது கொழும்பிலும் வேண்டும், டில்லியிலும் வேண்டும், நமது தெருவிலும் வேண்டும்.