மஞ்சள் சீட்டை வெறுமையாகப் போடுகிறவர்கள் முட்டாள்கள் அல்ல

அன்புள்ள மாணவச் செல்வங்களே, சொந்தபந்தங்களே,

நம் குடும்பக் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தார்: "ஊர்க்காரனுக்கு நாலு சீட்டு கொடுத்தால் ரெண்டில்தான் குத்துகிறான், மீதியை வெறுமையாகப் பெட்டியில் போடுகிறான். படிக்காத ஜனம்." பத்துப் பேர் கைதட்டியிருந்தீர்கள். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒருவருக்கு நான்கு ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். வாக்கு எண்ணும் மேசையில் உட்கார்ந்தவன் நான். இளஞ்சிவப்பில் வெறும் சீட்டு அபூர்வம். மஞ்சளில் வந்துகொண்டே இருக்கும். இரண்டையும் போட்டது ஒரே கைதானே? இளஞ்சிவப்பில் சின்னம் பார்த்துச் சரியாகக் குத்தியவருக்கு மஞ்சளில் மட்டும் எழுத்து மறந்துவிட்டதா?

காரணம் வேறு. தலைவர் வேட்பாளர் தெருவில் நடப்பவர். தண்ணீர் வரவில்லை என்றால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். ஒன்றிய வார்டு ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒன்று, மாவட்ட வார்டு ஏறக்குறைய 50,000 பேருக்கு ஒன்று. அவ்வளவு ஊர்களுக்கும் வேட்பாளர் வருவதில்லை. மாவட்ட ஊராட்சிக்கு வரி போடும் அதிகாரமும் இல்லை. அது என்ன செய்கிறது என்று ஐந்து வருடத்தில் யாரும் வந்து சொல்வதும் இல்லை. "இந்த மஞ்சள் எதுக்கு சார்?" என்று வாக்குச்சாவடியில் கேட்ட பாட்டிக்கு, பதவியின் பெயருக்கு மேல் எதுவும் சொல்ல எனக்கு விதி இடம் தரவில்லை. தெரியாத ஆளுக்குக் குத்த மாட்டேன் என்று அவர் மடித்துப் போட்டால் அது நேர்மை. அமெரிக்காவிலும் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, அதே சீட்டின் கீழே இருக்கும் நீதிபதி, உள்ளூர் வாரியப் பதவிகளை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அவர்களும் படிக்காத ஜனமா?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். 2019 ஊரகத் தேர்தலில் இரண்டு கட்டங்களிலும் 75 சதவீதத்துக்கு மேல் வாக்குப்பதிவு. 2022-ல் சென்னை மாநகராட்சியில் 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அங்கே ஒரே ஓட்டு, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். வரிசையில் நின்று இரண்டு சீட்டில் குத்தியவரை, வீட்டிலேயே இருந்தவர் கேலி செய்வது எந்த ஊர் நியாயம்?

சரி, வெறும் சீட்டு போடுவது நல்லதா? இல்லை. "என் எதிர்ப்பைக் காட்டினேன்" என்று சில இளைஞர்கள் சொல்கிறார்கள். தம்பி, அந்த எதிர்ப்பை யாரும் படிப்பதில்லை. மை கலைந்த சீட்டு, இரண்டு பேருக்குக் குத்திய சீட்டு எல்லாவற்றோடும் சேர்ந்து செல்லாத வாக்கு என்ற ஒரே எண்ணிக்கையில் அதுவும் கரைந்துவிடும். மாவட்ட ஊராட்சித் தலைவரை நீங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் கூடித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். மஞ்சள் சீட்டை விட்டால் அந்தத் தேர்விலும் உங்களுக்குப் பங்கில்லை.

ஆகவே திட்ட வேண்டிய இடம் வேறு. ஆள் முகம் காட்டாத கட்சிகளைத் திட்டுங்கள். அந்தப் பதவிக்கு என்ன வேலை என்று சொல்லாத அரசைத் திட்டுங்கள். 27 மாவட்டங்களில் உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. அதைக் கேலி செய்து நம் குழுவில் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

அடுத்த தேர்தல் அறிவித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரின் பச்சை, மஞ்சள் வேட்பாளர்கள் யார் யார் என்று விசாரித்து, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவிடம் போனில் சொல்லுங்கள். யாருக்குப் போடுவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மறுத்துப் பேச நினைப்பவர்கள் கீழே எழுதுங்கள், வகுப்பில் போலவே பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்