காலையில் வைத்து இரவில் திறக்க

டோம்பிவிலியில் காலை ஏழரை மணி ரயிலைப் பிடிப்பவர் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். குருகிராமிலோ பெங்களூரிலோ கதை வேறல்ல. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் எட்டரை மணிக்கு வெங்காயம் நறுக்க உட்காருவது யார் என்பதில்தான் பாதிச் சண்டை. பெரும்பாலும் யார் உட்காருகிறார் என்பது நமக்குத் தெரிந்ததுதான். இப்படிப்பட்ட வீடுகளில் இன்று தலைகாட்டும் சாதனம் ஸ்லோ குக்கர். கனத்த பீங்கான் பாத்திரம், சுற்றிலும் சூடேற்றும் கம்பிச்சுருள், கண்ணாடி மூடி. விசில் கிடையாது, பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். 'லோ'வில் எட்டு மணி நேரம், 'ஹை'யில் நாலு மணி நேரம்.

அமெரிக்காவில் இது 1971இல் 'கிராக் பாட்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஆனால் யோசனை நமக்குப் புதிதல்ல. பழைய டெல்லியின் நிஹாரி இரவெல்லாம் வெந்து விடியலில் பரிமாறப்படுவது. பெயரே 'பகல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. காஷ்மீரின் ஷப்தேக் டர்னிப்பும் இறைச்சியும் ராத்திரி முழுக்க வேகும் பண்டம். பஞ்சாபில் தந்தூர் அடுப்பின் தணலில் கறுப்பு உளுந்தை வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள்.

நேரமில்லாதவர்களுக்கென்றே ஒரு பாத்திரத்தை உருவாக்கியவர் கல்கத்தாவின் இந்துமாதவ் மல்லிக். மருத்துவம், சட்டம், தத்துவம் எல்லாம் படித்தவர். 1910வாக்கில் அவர் செய்த 'இக்மிக் குக்கர்' பார்க்க உயரமான டிபன் கேரியர் போலிருக்கும். அடியில் கரி நெருப்பு. மேலே அடுக்குகளில் அரிசி, பருப்பு, கறி. மூட்டிவிட்டு வெளியே போய்விட்டு வந்தால் நீராவியில் எல்லாம் வெந்திருக்கும். தனியாகத் தங்கி வேலை பார்த்த ஆண்களுக்குப் பெரிய வரப்பிரசாதம். (மனைவி சமைத்தவரை இந்தத் தேவையே எழவில்லை என்பதையும் கவனிக்கலாம்.)

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் பரப்பிய 'சூடாறாப்பெட்டி' இன்னொரு வழி. கொதித்த பானையை தெர்மோகோல் பதித்த பெட்டிக்குள் மூடிவிட்டால் மிச்ச வேலையை உள்ளிருக்கும் சூடே செய்துவிடும், எரிபொருளும் மிச்சம். ஆனால் காலையில் வைத்ததை மதியம் சாப்பிடத்தான் அது. பன்னிரண்டு மணி நேரம் விட்டால் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கும், கிருமிகளுக்குக் கொண்டாட்டம்.

ஸ்லோ குக்கர் வாங்கியவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ராஜ்மா விவகாரம். வட இந்தியாவில் குடியேறிய தமிழ் வீடுகளில் ராஜ்மாவும் வாராந்திர அயிட்டமாகிவிட்டது. வேகாத சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் உண்டு. நாலைந்து பச்சைக் கொட்டை வயிற்றுக்குள் போனாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தி, பேதி. நன்றாகக் கொதித்தால் நச்சு அழியும். 'லோ'வில் சூடு 80 டிகிரியைத் தாண்டாமல் போகலாம். அந்த அரைகுறைச் சூட்டில் நச்சு குறைவதற்குப் பதில் பல மடங்கு வீரியம் பெறக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. ஆகவே இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே ஸ்லோ குக்கருக்கு மாற்றுங்கள். அதற்கு நேரமில்லையா? ராஜ்மாவைப் பழைய பிரஷர் குக்கரிலேயே வையுங்கள். அதன் சூடு 120 டிகிரி வரை போகும்.

கொண்டைக்கடலை, தோல் உளுந்து, ஆட்டுக்கறி, கஞ்சி எல்லாம் இதில் அருமையாக வரும். சாதம் வேண்டாம், குழைந்துவிடும். ரசத்துக்கும் இது லாயக்கில்லை. சாம்பார் வைக்கலாம், ஆனால் புளியையும் தக்காளியையும் காலையிலேயே போட்டால் இரவு வரை பருப்பு கல்லாகவே கிடக்கும். புளிப்பு பருப்பை வேகவிடாது. பருப்பும் காயும் வெந்தபின், வீடு திரும்பியதும் புளி கரைத்து ஊற்றி, 'ஹை'யில் கால் மணி கொதிக்கவிட்டுத் தாளியுங்கள். தேங்காய்ப்பாலும் கடைசியில்தான், இல்லாவிட்டால் திரிந்துபோகும். ஆவி வெளியே போகாததால் வழக்கமான தண்ணீரில் கால் பங்கைக் குறைக்கலாம். ஃபிரீசரில் இருந்து எடுத்த கறியைக் கட்டியாக அப்படியே போடக்கூடாது. எட்டிப் பார்க்கும் ஆசையில் மூடியைத் திறந்தால் ஒவ்வொரு தடவையும் கால் மணி, அரை மணி கூடும்.

மின்சாரம் மிச்சம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பவேண்டாம். 200 வாட் சாதனம் எட்டு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் ஆகும். மிச்சமாவது நம் நேரம், அதுவும் முழுதாக இல்லை. நறுக்கும் வேலை இரவு பத்து மணிக்கோ காலை ஐந்தரைக்கோ நகர்கிறது, அவ்வளவுதான். நறுக்கியதை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், காலையில் எடுத்துக் கொட்டி சுவிட்சைத் தட்டுவது வீட்டில் யாரும் செய்யக்கூடிய வேலை. அதை யார் செய்வது என்பதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

நம் ஊர்களுக்கே உரிய சங்கடம் மின்வெட்டு. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் பண்டம் ஆறிக் கிடந்தது என்று தெரிந்தால் கொட்டிவிடுங்கள். மறுபடி கொதிக்கவைத்தால் கிருமி சாகும். சில கிருமிகள் விட்டுப்போன நச்சு சாகாது. வீட்டிலேயே இருப்பவர் எவரும் இல்லையென்றால், கரண்ட் போனால் நின்றுவிடும் பழைய மின் கடிகாரம் ஒன்றை அதே பிளக் வரிசையில் மாட்டி வையுங்கள். கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு நேரம் கரண்ட் இல்லை என்று தெரிந்துவிடும்.