இத்தாலிய கிராமத்து விருந்து: தட்டில் இருப்பது யார் நிலத்தில் விளைந்தது?

2025 டிசம்பர் 10 அன்று, புதுடெல்லியில் கூடிய யுனெஸ்கோ குழு இத்தாலிய சமையலை அருவமான கலாசார பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இனி கிராமத்துச் சாப்பாட்டைத் தேடி இத்தாலிக்குப் போகிறவர்கள் இன்னும் கூடலாம். அப்படிப் போகிறவர்கள் செலவழிக்கும் பணம் நிலத்தில் உழைப்பவர் கைக்குப் போகுமா, அல்லது பண்ணை வீடுபோல அலங்கரித்த ஓட்டலுக்குப் போகுமா என்பதே வேளாண் துறையினர் பார்க்க வேண்டிய விஷயம். இத்தாலி இதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே சட்டத்தில் விடை தேடியது.

காலியான பண்ணை வீடுகள்

1950, 60-களில் டஸ்கனி போன்ற பகுதிகளில் விளைச்சலில் பாதியை நில உரிமையாளருக்குக் கொடுக்கும் வாரச் சாகுபடி முறை சரிந்தது. குடும்பங்கள் தொழிற்சாலை வேலைக்கு நகரங்களுக்குக் கிளம்பின. கல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. மிஞ்சிய உழவர்களுக்குக் கூடுதல் வருமானம் தர, பண்ணையிலேயே விருந்தினரைத் தங்கவைத்து உணவளிக்கும் 'அக்ரிதூரிஸ்மோ' முறை வளர்ந்தது. 1965-ல் இதற்கென முதல் சங்கம் உருவானது. 1985-ல் தேசியச் சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2006-ம் ஆண்டின் 96-ம் எண் சட்டம். 2023 கணக்கின்படி இத்தகைய பண்ணைகள் 26,000-க்கும் மேல்.

சட்டம் என்ன சொல்கிறது?

- உழவர் மட்டுமே இதை நடத்தலாம். 'அக்ரிதூரிஸ்மோ' என்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமையும் அவருக்கே.
- விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும். எந்த வேலைக்கு எவ்வளவு உழைப்பு நேரம் போகிறது என்பதை வைத்து இது கணக்கிடப்படுகிறது. விருந்தினர் 10 பேருக்கு மேல் போகாத சிறு பண்ணைக்கு இந்தக் கணக்கில் விலக்கு உண்டு.
- விருந்தினருக்குப் பயன்படுத்த வேண்டியது பண்ணையில் ஏற்கெனவே உள்ள கட்டடங்களை.
- பரிமாறும் உணவிலும் பானத்திலும் பெரும்பங்கு சொந்த விளைபொருளாகவும் அந்த வட்டாரப் பண்ணைகளின் பொருளாகவும் இருக்க வேண்டும். எத்தனை சதவீதம் என்பதை ஒவ்வொரு மாநில அரசும் தீர்மானிக்கிறது.

கடைசி விதிதான் இதன் உயிர். சொந்த ஆலிவ் எண்ணெயை மொத்த வியாபாரியிடம் விற்றால் கிடைப்பது சந்தை விலை. அதே எண்ணெய் சொந்தச் சமையலறையில் ரொட்டி மேல் ஊற்றப்பட்டு விருந்தாக மாறும்போது, பதப்படுத்துபவர், கடைக்காரர், ஓட்டல்காரர் ஆகிய மூவரின் லாபமும் உழவருக்கே மிஞ்சுகிறது.

எங்கே, எதைச் சாப்பிடலாம்?

டஸ்கனியில் 'ரிபொல்லிட்டா' கேளுங்கள். பெயருக்குப் பொருளே 'மறுபடி கொதிக்கவைத்தது'. பழைய ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கருமையான கோஸ் வகைக் கீரை சேர்ந்த ஏழைகளின் உணவு. நம் வீட்டுச் சுண்டக்குழம்பைப் போல மறுநாள்தான் இதற்கு ருசி. தெற்கே பூலியாவில், உலர்ந்த ஃபாவா மொச்சையை மசித்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, கசப்பான சிக்கரிக் கீரையுடன் தருவார்கள். இரண்டும் சைவ உணவாகவே கிடைக்கும்.

வடக்கே ஆல்ப்ஸ் மலையில் தெற்கு டைரோல் பகுதிக்கு இலையுதிர் காலம் ஏற்றது. திராட்சை அறுவடை முடிந்ததும் பண்ணை வீடுகளில் புது ஒயினும் சுட்ட செஸ்ட்நட் கொட்டைகளும் கிடைக்கும்.

ட்ரியெஸ்டே நகரை ஒட்டிய கார்ஸ்ட் சுண்ணாம்புக்கல் மேட்டில் 'ஒஸ்மிட்ஸா' எனும் பண்ணைத் திண்ணைகள் உண்டு. 1784-ல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப், உழவர்கள் சொந்த விளைபொருளைத் தாங்களே விலை வைத்து விற்க அனுமதித்தார். அந்த அனுமதி எட்டு நாட்களுக்கு என்பதால், ஸ்லோவேனிய மொழியில் எட்டைக் குறிக்கும் 'ஒசெம்' என்ற சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது. இன்றும் சாலை முனையில் ஐவிக் கொடியின் கொத்து தொங்கினால், உள்ளே ஒரு பண்ணை திறந்திருக்கிறது என்று பொருள். சொந்த ஒயின், வேகவைத்த முட்டை, பாலாடைக்கட்டி, உப்பிட்ட பன்றி இறைச்சி ஆகியவைதான் கிடைக்கும்.

உண்மையான பண்ணையை அறிவது எப்படி?

1. சூரியகாந்திப் பூ சின்னம் அக்ரிதூரிஸ்மோவின் தேசிய அடையாளம். ஒன்று முதல் ஐந்து பூக்கள் வரை தரம் பிரிக்கிறார்கள்.
2. பூலியாவில் 'மாஸ்ஸெரியா' என்பது பழைய பெரும்பண்ணை வீட்டின் பெயர். அவற்றில் பல இன்று சொகுசு ஓட்டல்கள். பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.
3. உணவுப் பட்டியல் சிறியதாக, பருவத்துக்கேற்ப மாற வேண்டும். ஜனவரியில் புதுத் தக்காளி பரிமாறினால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.
4. ஏறக்குறைய பாதிப் பண்ணைகளில்தான் உணவு உண்டு. பல இடங்களில் வார இறுதியில் மட்டுமே சமைப்பார்கள். முன்பதிவு அவசியம்.

பலவீனம் எங்கே?

'வட்டாரப் பொருள்' என்ற சொல்லை இழுத்துக்கொண்டே போகலாம் என்பதுதான் இந்தச் சட்டத்தின் ஓட்டை. விருந்தினர் கூட்டம் கூடும்போது, ஒரு பண்ணையின் தோட்டமும் தொழுவமும் அத்தனை பேருக்கு ஈடுகொடுக்காது. அப்போது உழவருக்கு முன்னால் இரண்டு வழிகள்: இருக்கைகளைக் குறைப்பது, அல்லது மொத்தச் சந்தைக்கு லாரி அனுப்புவது. யுனெஸ்கோ அங்கீகாரம் இந்த நெருக்கடியைக் கூட்டவே செய்யும். சோதனையை மாநில அரசுகள் எவ்வளவு கறாராக நடத்துகின்றன என்பதைப் பொறுத்தே இந்த முறை நிலைக்கும்.

பண்ணைச் சுற்றுலா தொடங்க ஆலோசனை கேட்டு வரும் நம் உழவர்கள் பலரும் முதலில் கேட்பது, "எத்தனை குடில் கட்டலாம்?" என்பதைத்தான். இத்தாலிய அனுபவம் வேறு கணக்கிலிருந்து தொடங்கச் சொல்கிறது. உங்கள் வயல், தோப்பு, மாட்டுக்கொட்டகையிலிருந்து ஒரு இலைச் சாப்பாட்டுக்கு எத்தனை பொருள் தர முடியும், எந்தெந்த மாதத்தில் தர முடியும் என்று முதலில் எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியல் எத்தனை பேருக்குப் போதுமோ, அத்தனை பேரை மட்டும் அழையுங்கள்.