ஒத்திசைவு வேறு, காப்பு வேறு

என் வயதுக்காரர்கள் பலர் இப்போது "எல்லாம் சிங்க் ஆகுது சார், கவலையே இல்லை" என்கிறார்கள். கைபேசியில் எடுத்த பேரன் படம் அடுத்த நிமிடம் மடிக்கணினியிலும் வந்து நிற்கிறது. ஆகவே கையில் இரண்டு பிரதிகள் இருப்பதாக நம்புகிறார்கள். இருப்பது ஒன்றே, அது இரண்டு இடத்தில் தெரிகிறது என்பது என் கட்சி.

ஒத்திசைவின் வேலை இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல் ஆக்குவது. இங்கே ஒரு கோப்புறையை அழித்தால் அங்கேயும் அழியும். தவறான பதிப்பைச் சேமித்தால் அதுவும் உடனே போய்ச் சேரும். கூகுள் டிரைவில் அழித்த கோப்பு 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். அதற்குள் நாம் கவனிக்காவிட்டால் போனது போனதுதான். நல்லது கெட்டது பார்த்து அனுப்ப அதற்குத் தெரியாது.

கருவியைக் குறை சொல்லவில்லை. ஆர்சிங்க் என்ற நிரலை ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் இருவரும் எழுதி 1996இல் வெளியிட்டார்கள். பெரிய கோப்பில் ஒரு வரி மாறியிருந்தால், வலையமைப்பில் முழுக் கோப்பையும் அனுப்பாமல் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். நாம் தனியாகக் கட்டளை சேர்த்தாலொழிய, மறுபக்கத்தில் கூடுதலாக இருக்கும் கோப்பை அழிக்காது. ஆனால் மாறிய கோப்பின் இடத்தில் புதியதை வைத்துவிடும். பழையதை எடுத்துவைக்க வேண்டுமென்றால் அதற்கும் தனிக் கட்டளை கொடுக்க வேண்டும். எது தேவை என்று முடிவு செய்ய வேண்டியவர் நாம்.

பிரெஞ்சு நிர்வாகத்தில் 'எத்தா சிவில்' என்று நாங்கள் சொல்லும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் இந்த விஷயத்தை நன்றாகவே யோசித்து அமைத்தவை. ஒரே பதிவு இரண்டு ஏடுகளில். ஒன்று நகரமன்றத்தில், மற்றது நீதிமன்றத்தில். தீர்ப்பின்படி ஒரு பெயரைத் திருத்த வேண்டுமானால், எழுதியதை அழிக்க மாட்டார்கள்; ஓரத்தில் குறிப்பு எழுதுவார்கள். அதே குறிப்பு மற்ற ஏட்டிலும் ஏற வேண்டும் என்பது அன்றைய முறை. இதுவும் ஒத்திசைவுதான். ஆனால் பழையது பழையபடி இருக்கும்.

இரண்டு ஏடு போதுமா என்றால், அதற்குப் பாரிஸ் நகரமே பதில். 1871 மே மாதம், கம்யூன் கிளர்ச்சியின் கடைசி நாட்களில், நகரமன்றம் பக்கம் இருந்த பிரதியும் நீதிமன்றத்தில் இருந்த பிரதியும் எரிந்தன. 1860க்கு முந்தைய பாரிஸ் பதிவுகள் அநேகமாக முழுவதும் சாம்பல். ஒரே ஊரில் இரண்டு பிரதி வைத்ததன் பலன் அது.

குடியேற்ற நாடுகளுக்கோ 1776ஆம் ஆண்டு அரசாணை இன்னொரு பிரதியையும் கேட்டது. அது கப்பலேறி வெர்சாய் போக வேண்டும். அந்த வழியில் போன புதுச்சேரிப் பதிவுகள் இன்று எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் புரட்டலாம். வெயில், கரையான், புயல் எது இங்கே வந்தாலும் அந்தப் பிரதியைத் தொட முடியாது.

ஆகவே ஒத்திசைவை வசதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். காப்புக்குத் தனியாக ஒரு வெளி வன்தட்டு வாங்குங்கள். மாதம் ஒருமுறை, தேதி போட்ட புதுக் கோப்புறையில் பிரதி எடுத்து, உடனே கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியே இருந்தால் வைரஸ் வரும்போது அதையும் சேர்த்துப் பிடிக்கும். இன்னொரு தட்டை வெளியூரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ கொடுத்துவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் தட்டிலிருந்து நாலு படத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பிரதி.