பெயில் ஆன பிள்ளைகிட்ட முதல்ல என்ன கேட்கணும்?



மே மாசம் ரிசல்ட் வர்ற அன்னைக்கு நம்ம ஊர்ல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். ஸ்கூல் வாசல்ல ஃபிளெக்ஸ், அதுல மார்க் எடுத்த பிள்ளைங்க போட்டோ, பக்கத்து வீட்டுக்கெல்லாம் ஸ்வீட். அதே தெருவுல இன்னொரு வீட்டுக் கதவு மட்டும் சாத்தியே இருக்கும். அந்தக் கதவுக்குப் பின்னால இருக்கிற பிள்ளையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அரசியல் பதிவை எதிர்பார்த்து வந்தவங்க பொறுத்துக்கோங்க, இதுவும் அரசியல்தான்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு மனதைரியமே இல்ல, நாங்கல்லாம் பிரம்படி வாங்கி வளர்ந்தவங்க" என்ற வசனத்தைக் கல்யாண வீட்டுல கேட்டிருப்பீங்க, வாட்ஸ்அப்புல ஃபார்வேர்டாவும் வந்திருக்கும். அடியில தைரியம் வருதா? அடி வாங்குற பிள்ளை நல்லா கத்துக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், மாட்டிக்காம மறைக்கிறது. ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்தை அதுவே போட்டுக்கும். பத்து வருஷம் இப்படி மறைச்சே பழகின பிள்ளைக்கு, ரிசல்ட் அன்னைக்கு உண்மையைச் சொல்ல வீட்டுல ஒரு ஆள் இல்லாமப் போயிடுது. ஆபத்து அங்கேதான் இருக்கு.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையை மட்டும் தடை செய்யல, மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்யுது. இந்த ரெண்டாவதைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கீங்களா? வகுப்பு நடுவுல எழுப்பி நிறுத்தி மார்க்கைச் சத்தமா வாசிக்கிறது, "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு"ன்னு சொல்றது எல்லாம் இதுல வராதா? (மாடு மேய்க்கிறது கேவலம்னு யார் சொன்னா என்பது தனிப் பதிவு.)

ஹவாய் தீவுகள்ல காவாய்னு ஒரு தீவு. 1955-ல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரின் குழு பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து ஆய்வு செய்தது. வறுமை, வீட்டுல ஓயாத சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் என்று பல சிக்கல்கள் சேர்ந்து அழுத்திய பிள்ளைகளிலும் சுமார் மூணுல ஒரு பங்கு பேர் நல்லபடியா நிமிர்ந்து வந்தாங்க. அவங்க வாழ்க்கையில திரும்பத் திரும்பத் தெரிஞ்ச ஒரு விஷயம், எது நடந்தாலும் கூட நின்ன ஒரு பெரியவர். அது அம்மா அப்பாவாத்தான் இருக்கணும்னு இல்ல. பாட்டியா இருக்கலாம், அத்தையா இருக்கலாம், ஒரு டீச்சரா இருக்கலாம்.

அப்போ பொத்திப் பொத்தி வளர்க்கணுமா? அதுவும் இல்ல. நான் சிவில் படிச்சவன், எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றேன். தளம் போட்ட மறுநாளே சென்ட்ரிங்கைப் பிரிச்சா தளம் இறங்கிடும். அதுக்காக முட்டுக்கொடுத்த கம்பை அப்படியே விட்டுட்டு யாரும் குடி போறதில்ல. எட்டாம் வகுப்புப் பையன் நோட்டை மறந்துட்டுப் போனா, பின்னாடியே வண்டியை எடுத்துட்டு ஓடாதீங்க. கேரம் விளையாடும்போது வேணும்னே தோத்துக் கொடுக்காதீங்க. கடைக்கு அனுப்பி மீதிச் சில்லறையை அவனே எண்ணி வாங்கிட்டு வரட்டும். பத்து ரூபாய் குறைஞ்சா, திரும்பப் போய் கடைக்காரர்கிட்ட கேக்கிறதும் அவன் வேலைதான். நீங்க வாசல்ல நின்னா போதும்.

இதைப் பழகாத பிள்ளைங்களை நான் காலேஜ்ல பார்த்தேன். ஸ்கூல் முழுக்க முதல் ரேங்க், 200-க்கு 190-க்கு மேல கட்-ஆஃப், வீட்டுல ஒரு டம்ளர் கழுவ விட்டதில்ல. முதல் செமஸ்டர்ல எம்-1 அரியர் விழுந்ததும் அறையை விட்டு வெளியே வரல, மெஸ்ஸுக்கும் வரல. ஏற்கெனவே ரெண்டு அரியர் வச்சிருந்த சீனியர் அண்ணன் ஒருத்தர்தான் தட்டுல சோறு போட்டு எடுத்துட்டுப் போய் பக்கத்துல உட்கார்ந்தார். அறிவுரை ஒண்ணும் சொல்லல. அடுத்த தேர்வுக்கு எந்த யூனிட்டை முதல்ல பார்க்கலாம்னு மட்டும் பேசினார்.

பாராட்டுறதிலும் ஒரு விஷயம் இருக்கு. "நீ புத்திசாலி"ன்னு பாராட்டப்பட்ட பிள்ளைங்க ஒரு தோல்விக்கு அப்புறம் சீக்கிரம் சோர்ந்து போறாங்க, "நல்லா முயற்சி பண்ணினே"ன்னு பாராட்டப்பட்டவங்க கணக்கை விடாமப் பிடிச்சுக்கிறாங்கன்னு முல்லர், டுவெக் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் 1998-ல் எழுதினாங்க. செலவே இல்லாத மாற்றம், இன்னைக்கு ராத்திரியே தொடங்கலாம்.

ஆனா எல்லாத்தையும் வீட்டுத் தலையிலேயே கட்டிட முடியாது. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வர்ற அம்மாவுக்கு உட்கார்ந்து பேச நேரம் எங்கே இருக்கு? மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கிற வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017-லேயே நிறுத்திடுச்சு. ஸ்கூல் வாசல் ஃபிளெக்ஸ் மட்டும் நிக்கல. பி.டி. பீரியட்ல கணக்கு நடத்துறதும் நிக்கல. தோத்துட்டு, கை குலுக்கிட்டு, நாளைக்குத் திரும்ப வந்து ஆடறதைக் கத்துக்கொடுக்கிற ஒரே பீரியட் அதுதான், அதைத்தான் முதல்ல பிடுங்குறோம். பிள்ளைங்க தயங்காமப் போய்ப் பேச ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மனநல ஆலோசகர் வேணும். ஐம்பது பேர் வகுப்பை வச்சிருக்கிற டீச்சரே அதையும் பார்த்துக்கணும்னு சொல்றது நியாயம் இல்ல.

இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவுல நாலுல மூணு பங்கு பேர் பெற்றோரா இருக்கணும்னு சட்டமே சொல்லுது. அடுத்த கூட்டத்துக்குப் போங்க. சுண்ணாம்பு அடிக்கிறது, குடிநீர்த் தொட்டி எல்லாம் பேசி முடிச்சதும், பி.டி. பீரியட் நடக்குதான்னும் ஒரு கேள்வி கேளுங்க. நம்ம பகுதித் தோழர்கள் கூட வருவாங்க.

ரிசல்ட் அன்னைக்கு மார்க் கம்மியா வந்தாலும் சரி, பெயில்னு வந்தாலும் சரி, முதல் கேள்வி "சாப்டியா?"ன்னு இருக்கட்டும். அன்னைக்குச் சொந்தக்காரங்க போனை நீங்க எடுங்க, பிள்ளை கையில கொடுக்காதீங்க. தனியா விடாதீங்க. துணைத் தேர்வு இருக்கு, அதே வருஷமே எழுதி பாஸாகி காலேஜ் சேரலாம்னு மறுநாள் காலையில சொல்லிக்கலாம். பிள்ளை பேசாம ஒடுங்கிப் போனாலோ, "நான் இருந்து என்ன பிரயோஜனம்"ங்கிற மாதிரி பேசினாலோ, விளையாட்டுக்குச் சொல்லுதுன்னு விட்டுடாதீங்க. 14416 டெலி மனாஸ், எந்த நேரமும் இலவசமா தமிழ்லயே பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. ரெண்டு நம்பரையும் எழுதி இன்னைக்கே பீரோ கதவுல ஒட்டி வைங்க.