முழங்காலுக்கு ஓய்வு, கைகளுக்கு வேலை

2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் வெளியேறிய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், 2018இல் காமன்வெல்த், ஆசியப் போட்டிகள் இரண்டிலும் தங்கம் வென்றார். முழங்கால் தேற நாளாகும். அதுவரை மற்ற தசைகளும் தளர்ந்துபோக வேண்டியதில்லை. டாக்டர் அனுமதித்தால், முதுகையும் கையையும் வலுவாக்க 'புல்-அப்' நல்ல பயிற்சி.

எடை சேர்க்கும் ஆசை வந்தால் அவசரம் கூடாது. உடலை ஆட்டாமல் 8 முதல் 10 முறை ஏறி இறங்க முடிந்த பிறகே இடுப்பு பெல்ட்டில் 2.5 கிலோ. அதில் 5 முறை சுலபமானால் அடுத்த 2.5 கிலோ. முழங்கை வலித்தால் எடையைக் கழற்றிவிட வேண்டும்.

ஆபத்து ஏறுவதில் அல்ல, இறங்குவதில். கம்பியிலிருந்து குதித்தால் மொத்தச் சுமையும் முழங்காலைத் தாக்கும். அசையாத ஸ்டூல் ஒன்று அவசியம். அதில் முதலில் ஊன்ற வேண்டியது நல்ல கால். பாதங்களுக்கிடையே டம்பெல்லை இடுக்கிக்கொள்வது கூடவே கூடாது. தகட்டை மாட்டவும் கழற்றவும் அருகில் ஒருவர் இருப்பது நல்லது.

கை எவ்வளவு தேறினாலும் தொடைத் தசை தானாகத் தேறாது. பிசியோதெரபிஸ்ட் சொன்ன கால் பயிற்சிக்கு விடுமுறை கிடையாது.